மரவள்ளி வேரைப் படம் பிடித்து, மரபணுவோடு சேர்த்துப் படிக்க: திருகோணமலையில் தொடங்குபவர்களுக்கு

திருகோணமலை மாவட்டத்தில் இருந்துகொண்டு மரவள்ளி இனவிருத்தி ஆய்வில் இறங்க நினைக்கும் மாணவர்களுக்கும், இளம் விவசாயப் போதனாசிரியர்களுக்கும், கமக்காரர் அமைப்புகளோடு வேலை செய்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வேரைப் படம் பிடித்து அளக்கும் முறை ஓரிடத்தில் கிடைக்கிறது, இலையிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் முறை இன்னோரிடத்தில் கிடைக்கிறது. ஆனால் நம் மழைக்கும் மண்ணுக்கும் எந்த மாதத்தில் எதைச் செய்வது, எந்தக் கடிதத்தை முதலில் எழுதுவது, காசு எங்கே போகும் என்று சொல்ல யாரும் இருக்கவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு, அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் மரபணுப் பரிசோதனைதான் கடினமான பகுதி என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. இலையை ஒழுங்காக அனுப்பிக் காசைக் கட்டினால் தரவு வந்து சேரும். கடினமான பகுதி காணியில் இருக்கிறது. கிழங்கை ஒரு தடவைதான் கிளப்பலாம். அன்றைக்கு எடுத்த அளவும் படமும் பிழைத்தால், திரும்ப நட்டு எட்டு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் உங்கள் கவனத்தில் முக்கால்வாசியைக் காணிக்கே கொடுங்கள்.

## 1. என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்று எழுதிவையுங்கள்

மரவள்ளியில் புதிய இனம் ஒன்றை வழமையான முறையில் உருவாக்க எட்டுப் பத்து வருடம் ஆகும். ஒரு செடியிலிருந்து கிடைக்கும் தடிகள் குறைவு. அதனால் ஒரு நல்ல செடியைப் பல இடங்களில் நட்டுப் பார்க்கிற அளவுக்குப் பெருக்குவதற்கே சில வருடம் போய்விடும். மரபணுத் தகவலை வைத்துத் தெரிவு செய்வதன் பயன் இங்கேதான் இருக்கிறது. கிழங்கு அளக்கப்பட்ட செடிகள் ஒரு தொகுதி, அவற்றின் மரபணுக் குறியீடுகள், அதாவது டி.என்.ஏ.யில் செடிக்குச் செடி வேறுபடும் இடங்கள், ஒரு தொகுதி. இரண்டையும் சேர்த்து ஒரு கணிப்பு மாதிரியை உருவாக்குகிறோம். பிறகு புதிதாக முளைத்த நாற்றின் இலையை மட்டும் பரிசோதித்து, அதன் கிழங்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடுகிறோம். 2012 இல் தொடங்கிய நெக்ஸ்ட்ஜென் கசாவா திட்டம் நைஜீரியாவிலும் உகண்டாவிலும் செய்தது இதைத்தான்.

படம் பிடிப்பது எதற்கு? தராசு மொத்த நிறையை மட்டும் சொல்லும். மூன்று பெருத்த கிழங்கு உள்ள செடியும் பத்து மெலிந்த கிழங்கு உள்ள செடியும் ஒரே நிறை காட்டலாம். கிழங்கின் எண்ணிக்கை, நீளம், அதிகபட்ச விட்டம், காம்பின் நீளம், எந்தக் கோணத்தில் மண்ணுக்குள் இறங்குகிறது என்பவை எல்லாம் படத்தில் கிடைக்கும். நம் பக்கத்தில் அந்தக் கோணம் முக்கியமான பண்பு. கந்தளாய்ப் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் இறுகிப் போகும். அங்கே நேரே கீழே இறங்குகிற கிழங்கைக் கிளப்பினால் பாதி உள்ளேயே உடைந்துவிடும்.

மூன்று நான்கு பண்புகளுக்கு மேல் எடுக்காதீர்கள். என் தெரிவு: கிழங்கு எண்ணிக்கை, விட்டம், கோணம், உலர் நிறை வீதம் (தண்ணீர் போக மிஞ்சும் பங்கு). தேமல் என்ற வைரஸ் நோயையும் அவித்துப் பார்க்கும் சோதனையையும் படமில்லாமல் தனியாகப் பதிய வேண்டும்.

## 2. கடிதங்களை நடுகைக்கு முன்பே தொடங்குங்கள்

ஒக்டோபரில் மழை விழும்போது தடி கையில் இருக்க வேண்டுமானால், கடித வேலையை யூன் மாதத்திலாவது தொடங்க வேண்டும். தேவைப்படுபவை இவை:

நிறுவனக் கடிதம். தனியாளாகப் போனால் எங்கும் கதவு திறக்காது. பல்கலைக்கழகத்தின் துறைத் தலைவரிடமிருந்தோ விவசாயத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலிருந்தோ, கடிதத் தலைப்புள்ள தாளில், ஆய்வின் பெயரும் காலமும் உங்கள் பெயரும் எழுதி வாங்குங்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பவர்களுக்குக் கணினிப் பக்கம் பலம் உண்டு. விவசாய பீடம் வந்தாறுமூலையில் இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு மேற்பார்வையாளர் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

செடி கேட்கும் கடிதம். பேராதனைக்குப் பக்கத்தில் உள்ள கன்னொறுவையில் இரண்டு இடங்கள் உங்களுக்கு முக்கியம்: தாவர மரபணு வள நிலையம், பூங்கனியியல் பயிர் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவனம். எம்.யூ. 51, கிரிகாவடி போன்ற நாட்டில் பரவலாக அறியப்பட்ட இனங்களை ஒப்பீட்டுக்காகக் கேளுங்கள். பெயர் உறுதியான இனம் உங்கள் காணியில் இல்லையென்றால், உங்கள் முடிவை வேறு எவருடைய முடிவோடும் ஒப்பிட முடியாது.

காணி உடன்பாடு. சொந்தக்காரரோடு ஒரு பக்க உடன்பாடு போதும். ஆனால் கிழங்கு யாருக்கு, முன்கூட்டியே கிளப்பும் செடிகளுக்கு நட்டஈடு உண்டா, வேலி யார் போடுவது ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால், நல்ல விலை வருகிற வாரத்தில் உங்கள் பரிசோதனைச் செடி சந்தைக்குப் போய்விடும். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவருடைய சீவியம்.

மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பும் அனுமதி. இங்கேதான் அதிக காலம் போகும். இலையோ டி.என்.ஏ.யோ நாட்டை விட்டு வெளியே போவதென்றால், உங்கள் நிறுவனத்தின் ஊடாகத் தாவர மரபணு வள நிலையத்தையும், சுற்றாடல் அமைச்சின் உயிர்ப்பல்வகைமைச் செயலகத்தையும் முதலிலேயே கேளுங்கள். பெறும் ஆய்வுகூடத்தோடு பொருள் கைமாற்ற ஒப்பந்தம் ஒன்றும் வேண்டும். அந்த நாட்டின் இறக்குமதி அனுமதிப் பிரதியை அவர்களிடமிருந்து வாங்குங்கள். காய்ந்த இலையாக அனுப்பினால் தாவரத் தொற்றுத்தடைக்காப்பு சேவையின் சான்றிதழையும் கேட்பார்கள். பிரித்தெடுத்த டி.என்.ஏ. என்றால் பல இடங்களில் கெடுபிடி குறைவு. ஒரு கடிதத்தில் விஞ்ஞானப் பெயர் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்ததற்காகவே கோப்பைத் திருப்பி அனுப்பிய அலுவலகத்தை எனக்குத் தெரியும். எல்லாத் தாளிலும் ஒரே பெயர், ஒரே மாதிரி எண்ணிக்கை, ஒரே திகதி வடிவம் இருக்கட்டும்.

ட்ரோன் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிய வேண்டும். திருகோணமலையில் கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத் தளமும் இருப்பதால் பாதுகாப்பு அனுமதியும் சேர்ந்து வரும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, வானத்திலிருந்து இலைதான் தெரியும். இந்த ஆய்வுக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை.

## 3. செடி சேர்க்கும்போது பெயரை நம்பாதீர்கள்

மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி, வெருகல் என்று சுற்றினால் நிறையப் பெயர்கள் கிடைக்கும். ஒரே பெயரில் வேறு வேறு செடியும், வேறு வேறு பெயரில் ஒரே செடியும் இருக்கும். தடியால் பெருக்குகிற பயிரில் இது எங்கும் நடப்பதுதான். கானாவில் கமக்காரர் சொன்ன பெயர்களை மரபணுவோடு ஒப்பிட்டபோதும் இதே குழப்பம்தான் தெரிந்தது. அதனால் ஒவ்வொரு சேகரிப்புக்கும் நீங்களே ஓர் எண் கொடுங்கள். கமக்காரர் சொன்ன பெயரை அடுத்த நிரலில் எழுதுங்கள். கூடவே கிராமம், கொடுத்தவரின் சம்மதம், இலைக்காம்பின் நிறம், இளந்தளிரின் நிறம், கிழங்குத் தோலின் நிறம் ஆகியவற்றையும் பதியுங்கள்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. ஊரூராகச் சேர்த்த தடிகள் கடைசியில் இருபது முப்பது வேறுபட்ட செடிகளுக்கு மேல் தேறாமல் போகலாம். அந்த எண்ணிக்கையை வைத்துக் கணிப்பு மாதிரி செய்ய முடியாது. மாதிரிக்கு நூற்றுக்கணக்கில் செடி இருந்தால் நல்லது. பழகிப் பார்ப்பதற்குக்கூட நூறுக்குக் கிட்ட வேண்டும். இதற்கு வழி விதை. மரவள்ளி கலப்பு மரபுள்ள செடி, ஒரே தாயின் விதைகளில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. கிளைவிட்டுப் பூக்கிற இனங்களின் காய்க்கு மெல்லிய வலைப் பையைக் கட்டிவிடுங்கள். காய் வெடித்து விதையைச் சிதறிவிடும். ஒரு காயில் அதிகம் போனால் மூன்று விதைதான். பூ மகரந்தம் பெற்று விதை முற்ற மூன்று மாதத்துக்குக் கிட்ட ஆகும்.

விதையிலிருந்து வந்த செடியின் வேரைப் படம் பிடித்துத் தடியிலிருந்து வந்த செடியோடு ஒப்பிடாதீர்கள். நாற்றுக்கு ஆணிவேர் உண்டு, தடிச்செடிக்கு இல்லை. வடிவம் அடியோடு வேறு. நாற்று வருடத்தில் இலையை மட்டும் எடுங்கள். அதிலிருந்து தடி வெட்டி நட்ட இரண்டாம் வருடத்தில் வேரைப் பாருங்கள். ஒரு வருடம் கூடுதலாகப் போகும், ஆனால் குறுக்கு வழி இல்லை.

தடி வாங்கும்போது தேமல் நோயைப் பாருங்கள். இலை நெளிந்து மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் எடுக்காதீர்கள். நம் நாட்டின் பெயரைத் தாங்கிய இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் 2015 இல் கம்போடியாவில் காணப்பட்டது, அதன்பின் வியட்நாம், தாய்லாந்து, சீனா என்று பரவியது. வெள்ளை ஈயும் பரப்பும், மனிதர் கொண்டுபோகும் தடியும் பரப்பும். ஆபிரிக்க இனங்களில் தேமல் எதிர்ப்புத் தரும் சீ.எம்.டி. 2 என்ற மரபுப் பகுதிக்குக் காரணமான மரபணுவை 2022 இல் கண்டறிந்திருக்கிறார்கள். ஆசைப்பட்டு அந்த இனத் தடியை யாரிடமாவது சொல்லிப் பயணப் பையில் கொண்டுவரச் செய்யாதீர்கள். சட்டப்படியும் தவறு, வேறு நோயும் சேர்ந்து வரும். வெளிநாட்டு இனம் வேண்டுமானால் இழைய வளர்ப்புக் குப்பியில், அனுமதியோடு, தொற்றுத்தடைக்காப்பு வழியாகத்தான் வர வேண்டும்.

## 4. காணியும் நடுகையும்

வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஒக்டோபர், நவம்பரில் நடுங்கள். 20 முதல் 25 சென்ரிமீற்றர் நீளத்தில், ஐந்து முதல் ஏழு கணு உள்ள தடி போதும். எல்லாச் செடிக்கும் ஒரே நீளம், ஒரே சாய்வு, ஒரே ஆழம். இதை இலேசாக எடுக்காதீர்கள். சரித்து நட்ட தடியின் கிழங்கும் நிமிர்த்தி நட்ட தடியின் கிழங்கும் கோணத்தில் மாறும். கூலிக்கு வந்த இருவர் தங்கள் தங்கள் பழக்கப்படி நட்டால், நீங்கள் அளப்பது மரபணுவை அல்ல, நட்டவரின் கையை. தடி தாய்ச்செடியின் அடியில் வெட்டியதா நுனியில் வெட்டியதா என்பதும் பாதிக்கும். நடுப்பகுதியை மட்டும் எடுங்கள்.

இடைவெளி ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர். ஒரு வரிசையில் ஓர் இனத்துக்கு ஐந்து செடி, இரண்டு தடவை திரும்ப நடுதல். தடி போதாவிட்டால் ஒப்பீட்டு இனங்களை மட்டும் காணி முழுக்கப் பல இடத்தில் திரும்பத் திரும்ப வையுங்கள். மண்ணின் ஏற்றத்தாழ்வை அவை காட்டிக்கொடுக்கும். ஓரத்துச் செடியை அளக்க வேண்டாம், அதைக் காவலுக்கு விடுங்கள். ஓரத்தில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் முதலில் வாய் வைக்கும். வேலிக்கான காசைப் பட்டியலின் மேலே போடுங்கள்.

நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கத்து மணல் காணியில் கிழங்கு சுலபமாகக் கிளம்பும், உடைவது குறைவு, படத்துக்கு நல்லது. ஆனால் நீர் நிற்காது. உட்பக்கத்துச் செம்மண்ணில் விளைச்சல் நம்பகமானது, கிளப்புவது கஷ்டம். முதல் வருடம் மணல் காணியில் பழகுங்கள். இரண்டிலும் ஒரே செடிகளை நட முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

நட்டு ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் ஆனதும் தேமல் நோயை 1 முதல் 5 வரை புள்ளியிட்டுப் பதியுங்கள். 1 என்றால் அறிகுறி இல்லை, 5 என்றால் மிகக் கடுமை. மூன்று தடவையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். பதிவதற்கு ஃபீல்ட் புக் என்ற இலவசச் செயலி அன்ட்ரொய்ட் கைபேசியில் ஓடும், இணையம் தேவையில்லை.

## 5. இலை எடுத்தல்

நட்டு ஆறு முதல் எட்டு வாரத்தில் எடுங்கள். நுனிக்குக் கீழே இன்னும் முழுதாக விரியாத இளம் இலைதான் நல்லது. முற்றிய இலையில் மாப்பொருளும் பிசினும் கூடி டி.என்.ஏ. கலங்கலாக வரும். காலையில் எடுத்து, கடதாசி உறையில் போட்டு, அதைச் சிலிக்கா மணிகள் உள்ள இறுக்கமான டப்பாவுக்குள் வையுங்கள். இலையைவிடப் பத்து மடங்கு நிறையில் சிலிக்கா இருக்கட்டும். மணியின் நிறம் மாறினால் உடனே மாற்றுங்கள். மார்கழி ஈரப்பதத்தில் வெறுமனே நிழலில் காயவைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். பொலித்தீன் பையில் ஈரத்தோடு பூட்டிவைத்தால் ஒரே இரவில் கறுத்துவிடும்.

ஆய்வுகூடங்கள் 96 குழித் தட்டில் மாதிரி கேட்கும். சில இடங்கள் தங்கள் கட்டுப்பாட்டுக்காக இரண்டு குழியை வெறுமையாக விடச் சொல்லும், அப்போது உங்களுக்கு 94. பாதித் தட்டு நிரப்பினாலும் முழுத் தட்டின் காசு எடுப்பார்கள் என்பதால் உங்கள் செடி எண்ணிக்கையைத் தட்டுக்கு ஏற்றபடி அமையுங்கள். அந்தத் தட்டில் நான்கு குழியையாவது ஒரே செடியின் இரட்டை மாதிரிக்கு ஒதுக்குங்கள். தரவு வந்ததும் அந்த இரட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் மற்றதை நம்பலாம். வீண் செலவு என்று மேற்பார்வையாளர் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

## 6. கிழங்கு கிளப்பும் நாள்

நட்டு எட்டு ஒன்பது மாதம் என்றால் யூன், யூலை வரும். கச்சான் காற்று வீசுகிற காலம், மண் இறுகி இருக்கும். முதல் நாள் மாலையில் செடியடிக்குத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். எல்லாச் செடிக்கும் ஒரே அளவு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நிறை மாறும்.

ஒரு நாளில் எத்தனை செடி முடியும் என்று பேராசைப்படாதீர்கள். கிளப்ப இரண்டு பேர், கழுவ ஒருவர், படம் எடுக்க ஒருவர், எழுத ஒருவர் என்று ஐந்து பேர் வேண்டும். படம் எடுப்பவர் மண்ணைத் தொடக் கூடாது.

முதலில் தண்டை நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, மேற்பகுதியின் நிறையைப் பதியுங்கள். செடியைச் சுற்றி அரை மீற்றர் தள்ளி மண்வெட்டியால் வெட்டி, அலவாங்கால் கீழிருந்து நெம்பி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கிற வழக்கத்தை அன்று முழுக்க மறக்கச் சொல்லுங்கள். இழுத்தால் கோணமும் மாறும், காம்பும் அறும். உடைந்த துண்டை மண்ணுக்குள் தேடி எடுத்து, எந்தக் கிழங்கினுடையது என்று கட்டிவையுங்கள். உடைந்தது என்று பதிவதற்குத் தனி நிரல் இருக்க வேண்டும். இந்த நிரல் இல்லாத தரவில், நீளம் குறைந்த இனமா உடைந்த இனமா என்று பிறகு பிரித்தறியவே முடியாது.

வடக்கு எது என்று தண்டில் மையால் குறி போட்டுவிட்டுக் கிளப்புங்கள். பிறகு வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். தேய்க்க வேண்டாம், தோல் உரிந்தால் படத்தில் வெள்ளைத் திட்டாக விழும்.

படம் எடுக்கும் இடத்தை முதல் நாளே அமையுங்கள். பளபளப்பு இல்லாத கறுப்புத் துணி, அதை விரித்துக் கட்ட ஒரு பலகை, மூன்றுகால் நிறுத்தி, கைபேசியோ கமராவோ ஒன்று. துணியில் ஓர் அளவுகோலையும், விட்டம் தெரிந்த வெள்ளை வட்டம் ஒன்றையும் நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். கமராவுக்கும் துணிக்கும் உள்ள தூரம் கடைசிப் படம் வரை மாறக் கூடாது. கைபேசியின் அகலக் கோண வில்லையைப் பாவித்தால் ஓரத்துக் கிழங்கு நீண்டு தெரியும். பிரதான வில்லையைத் தெரிவுசெய்து, தானாக ஒளி மாற்றும் வசதியைப் பூட்டிவிடுங்கள்.

வெயில் நேரே விழுந்தால் கிழங்கின் நிழலையும் மென்பொருள் கிழங்காக எண்ணும். நிழலுக்குத் தறப்பாள் கட்டுங்கள், ஆனால் கடையில் கிடைக்கும் நீலத் தறப்பாள் வேண்டாம். அதன் கீழ் எல்லாமே நீலமாகிவிடும், தோலின் நிறமோ உள்சதையின் மஞ்சளோ பிறகு தேறாது. வெள்ளைத் துணி கட்டுங்கள்.

ஒவ்வொரு செடிக்கும் நான்கு படம்: முழு வேர்த்தொகுதி நிமிர்ந்து நிற்க ஒன்று, அதை 90 பாகை திருப்பி ஒன்று, கிழங்குகளைப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி ஒன்று, நடுக் கிழங்கைக் குறுக்கே வெட்டி உள்சதை ஒன்று. ஒவ்வொரு படத்திலும் செடி எண் எழுதிய அட்டை விழ வேண்டும். படத்தின் கோப்புப் பெயரைப் பிறகு போடலாம் என்று விடாதீர்கள். எண் இல்லாத வேர்ப்படம் எத்தனை அழகாக இருந்தாலும் அழிக்க வேண்டியதுதான்.

படம் எடுத்த பிறகு ஐந்தில் ஒரு செடியின் கிழங்குகளைக் கையாலும் அளந்து பதியுங்கள். மென்பொருள் சொல்லும் விட்டத்தை இதோடுதான் ஒத்துப்பார்க்கப் போகிறீர்கள்.

உலர் நிறையைக் காணியிலேயே கணிக்கலாம். ஏறக்குறைய 5 கிலோ கிழங்கை வலைப் பையில் போட்டுக் காற்றில் ஒரு நிறை, தண்ணீரில் முழுதாக மூழ்கவிட்டு ஒரு நிறை. காற்று நிறையை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் ஒப்படர்த்தி. அதை 158.3 ஆல் பெருக்கி 142 ஐக் கழித்தால் உலர் நிறை நூற்று வீதம். 5 கிலோ தண்ணீருக்குள் அரைக் கிலோ காட்டினால் ஒப்படர்த்தி 1.111, உலர் நிறை ஏறத்தாழ 34 வீதம். பையின் நிறையைக் கழிக்க மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் கிளப்பிய அன்றே முடியுங்கள். மரவள்ளி ஒன்றிரண்டு நாளில் உள்ளே நீலக்கறுப்புக் கோடு விட்டுக் கெடத் தொடங்கும். அன்று மாலையே ஒவ்வோர் இனத்திலும் இரண்டு துண்டை அவித்துப் பாருங்கள். சம்பலோடு சாப்பிட மாவாய் வெடித்து வேகிற கிழங்கைத்தான் நம் சனம் வாங்கும். நீங்கள் தெரிவு செய்த செடி எவ்வளவு பெருத்த கிழங்கு தந்தாலும், அவித்தால் வேகாமல் நின்றால் யாரும் அடுத்த வருடம் நட மாட்டார்கள். கசக்கிற கிழங்கில் சயனைட்டுத் தரும் பொருள் கூட இருக்கலாம். விதையிலிருந்து புதிதாக வந்த செடிகள் என்றால் முதலில் சயனைட்டை நிறமாற்றத்தால் காட்டும் பிக்ரேற் தாள் சோதனை, பிறகுதான் வாய்.

## 7. படத்திலிருந்து எண்ணுக்கு

ரைசோவிஷன் எக்ஸ்ப்ளோரர், இமேஜ் ஜே இரண்டும் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும். வேர்ப்படத்துக்கென்றே செய்த டேர்ட் என்ற கருவியைத் தாய்லாந்தில் மரவள்ளிக்குப் பாவித்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும் பத்துப் படத்தில் மட்டும் ஓட்டி, கையால் அளந்ததோடு ஒப்பிட்டுவிட்டு, அமைப்பைப் பூட்டி, பிறகு மிச்சத்தை ஓட்டுங்கள். நடுவில் அமைப்பை மாற்றினால் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டும்.

பைத்தன் என்ற கணினி மொழி தெரிந்தவர்கள் சொந்தமாகக் கணினி நிரல் எழுதலாம், அது நல்ல பயிற்சி. நிலத்துக்குள்ளேயே வேரைப் பார்க்கும் ராடாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மரவள்ளியில் பரீட்சித்திருக்கிறார்கள். கருவி விலை கூட, களிமண்ணிலும் உப்புநீர் உள்ள நிலத்திலும் சமிக்ஞை மங்கும். கரையோரக் காணிக்கு அது தொடக்கக் கருவி அல்ல.

## 8. மரபணுத் தரவு வந்ததும்

கணிப்பு மாதிரிக்கு உடனே பாயாதீர்கள். முதலில் இரட்டை மாதிரிகள் பொருந்துகின்றனவா பாருங்கள். பிறகு எல்லாச் செடிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரே செடி எத்தனை பெயரில் வந்திருக்கிறது என்று பட்டியலிடுங்கள். இந்தப் பட்டியலே ஒரு பெறுமதியான முடிவு. எங்கள் மாவட்டத்தில் உண்மையில் என்னென்ன மரவள்ளி இருக்கிறது என்று சொல்ல இதுதான் ஆதாரம்.

பல செடிகளில் தரவு இல்லாமல் விடுபட்ட குறியீடுகளையும், மிக அரிதான மாற்றம் உள்ளவற்றையும் நீக்குங்கள். மரவள்ளிக்குப் 18 சோடி நிறமூர்த்தங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான முழு வரிசையான உசாத்துணை மரபணுத்தொகுதி ஏ.எம். 560-2 என்ற செடியினுடையது, இலவசமாக இறக்கலாம். கசாவாபேஸ் என்ற திறந்த தரவுத்தளத்தில் உங்கள் தரவை வைக்கலாம், பிறருடையதைப் பார்க்கலாம், பண்புகளுக்கான பொதுப் பெயர்களும் அங்கே உண்டு. தொடக்கத்திலிருந்தே அந்தப் பெயர்களைப் பாவித்தால் பிறகு மாற்றி எழுதும் வேலை மிச்சம்.

அடுத்து, ஒவ்வொரு படப் பண்புக்கும் எவ்வளவு பங்கு மரபால் வருகிறது என்று கணியுங்கள். இது மிகக் குறைவாக வந்த பண்பைக் கைவிடுங்கள். எவ்வளவு அழகாக அளந்திருந்தாலும் அதைத் தெரிவுக்குப் பாவிக்க முடியாது. மிஞ்சியதற்கு, புள்ளிவிபரக் கணிப்புக்கான ஆர் என்ற இலவசக் கணினி மொழியில் உள்ள ஆர்.ஆர். பிளப் தொகுப்பு போதும். செடிகளை ஐந்து பங்காகப் பிரித்து, நான்கு பங்கில் மாதிரியைப் பழக்கி, ஐந்தாவதை ஊகிக்க விடுங்கள். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள தொடர்பெண்தான் உங்கள் மாதிரியின் தரம். ஒரே குடும்பத்து நாற்றுகள் இரு பக்கமும் விழுந்தால் அந்த எண் உயர்ந்து தெரியும், அதனால் குடும்பமாகப் பிரித்தும் ஒரு தடவை பாருங்கள். நூறு செடியை வைத்துக்கொண்டு எந்த மரபணு எந்தப் பண்புக்குக் காரணம் என்று தேடுகிற ஆய்வில் இறங்க வேண்டாம். அந்த எண்ணிக்கையில் வரும் பதில் நிலைக்காது.

## 9. காசு

மென்பொருள், தரவுத்தளம், உசாத்துணைத் தொகுதி எதற்கும் காசில்லை. கமராவும் புதிதாக வாங்கத் தேவையில்லை. மொத்தச் செலவில் பெரியது குறியீட்டுப் பரிசோதனை, அடுத்தது கூலி, அதற்கு அடுத்தது வேலி. பரிசோதனைக் கட்டணம் டொலரில் வரும். 2022 இல் ரூபாய் எப்படி விழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே திட்ட விண்ணப்பத்தில் டொலர் தொகையையும் எழுதுங்கள். ஆய்வுகூடம் தரும் விலைக்கூறல் தாள் எத்தனை நாள் செல்லுபடியாகும் என்று பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் நிதிப் பிரிவு அனுமதி தருவதற்குள் அது காலாவதியானால் திரும்பத் தொடக்கத்துக்குப் போக வேண்டும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி என்ன ஆவணம் கேட்கும் என்று நிதிப் பிரிவைச் சித்திரை மாதத்திலேயே கேட்டுவையுங்கள்.

காசு குறைந்தால் எதை வெட்டுவது? மரபணுத் தட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். காய்ந்த இலை சிலிக்காவில் காத்திருக்கும். கிளப்பும் நாளின் ஆட்களைக் குறைக்காதீர்கள்.

## 10. தடியை உயிரோடு வைத்திருங்கள்

யூலையில் கிளப்பிவிட்டீர்கள், மழை ஒக்டோபரில்தான். முடிவு வரவும் மாதக்கணக்கு ஆகும். நடுவில் தடி காய்ந்தால், கணினி நல்லது என்று சொன்ன செடி உலகத்தில் எங்கும் இருக்காது. முடிவு வரும் வரை எந்த இனத்தையும் கழிக்காதீர்கள்.

வெட்டிய தண்டை முழு நீளத்தில், துண்டாக்காமல், மர நிழலில் நிமிர்த்தி அடுக்குங்கள். அடியை ஓர் அங்குலம் ஈர மண்ணில் புதைத்து, மேலே கிடுகு போட்டு வெயில் படாமல் மூடுங்கள். இப்படி ஒன்றிரண்டு மாதம் தாங்கும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் உள்ள ஒரு சிறு பாத்தியில் ஒவ்வோர் இனத்திலும் இரண்டு மூன்று தடியை உடனேயே நட்டுவிடுங்கள். பெயர்ப்பலகை மரத்தில் வேண்டாம், கறையான் தின்னும். தகரத்தில் எண்ணை ஆணியால் குத்திக் கம்பியால் கட்டுங்கள். பாத்தியின் வரைபடத்தைக் கொப்பியில் ஒன்று, கைபேசியில் ஒன்று, மேற்பார்வையாளரிடம் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். தடி தந்த கமக்காரர்களுக்கு அவரவர் செடி என்னவென்று தெரிந்ததை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். நன்றாக வந்த இனத்தில் ஐந்து தடியையும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த ஒக்டோபரில் இன்னொரு காணி தேவைப்படும்போது அவர்கள்தான் தருவார்கள்.